அழிக்காமல் விட்ட கமென்ட்

ஆவணி, வெள்ளிக்கிழமை

திசையன்விளையில் நான் வேலை பார்க்கும் பாத்திரக்கடையின் இன்ஸ்டா பக்கத்தில், ஸ்ரீவைகுண்டத்து அக்கா ஒருவர் நேற்றுக் காலை எழுதியிருந்தார்: "எந்தம்பி சீரா வச்ச இட்லிக் கொப்பரைக்கு மூடி சேர மாட்டேங்கு." தம்பியின் பெயரை அதில் வெட்டிக் கொடுத்ததே நாங்கள்தான். பெயர் வெட்டிய பாத்திரத்தை மாற்றவும் முடியாது.

முதலாளி அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா, அதை அழிச்சிரு. ஊரே பாக்கும்லா."

"பாக்கட்டும் அண்ணாச்சி. அழிச்சா இன்னும் நாலு இடத்துல எழுதுவாவ. கடையில இருக்க மூடியெல்லாம் எடுத்துக்கிட்டு அவிய வீட்டுக்கே போவோம்."

மதியம் வரை முறைத்துக்கொண்டே இருந்தவர், பிறகு வண்டியை எடுத்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் வீடியோ எடுத்தேன். அவர் வீட்டு அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு அண்ணாச்சி மூடி மூடியாக வைத்துப் பார்த்தார். கடைசி மூடி கச்சிதமாக உட்கார்ந்ததும் குழந்தை மாதிரி சிரித்தார். அதை அப்படியே கடைப் பக்கத்தில் போட்டேன். பாட்டு இல்லை, தள்ளுபடிப் பேச்சும் இல்லை. துபாயில் இருக்கும் நம்மூர்க்காரர்கள்கூட இன்று பகிர்ந்திருக்கிறார்கள். போன தீபாவளிக்குச் செலவு செய்து எடுத்த விளம்பரத்தை இப்படி யாரும் சீண்டவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். என்னுடையது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரே போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னைக்கு யாரும் குறை எழுதலையா?"

"இல்ல அண்ணாச்சி."

"நல்லாப் பாரு. ஒண்ணுகூடவா இல்ல?"