சீனியைத் தனியாகக் கட்டவில்லை, மதினி

அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் எப்போதும் நான் கூப்பிட்ட என் இந்திரா மதினிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்காக மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்று தடவையும் நல்ல செய்தியில்தான் தொடங்கினேன். அது போய் நிற்கும் இடம் நினைவுக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டேன். இன்றைக்கு முழுவதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தெரிந்தவர்களும் படிக்கட்டும். அவர்களிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

நல்ல செய்தி இதுதான். கால்நடைக் கண்காட்சியில் குட்டை இனக் கறவை ஆட்டுக்கென்று தனிப் பிரிவு வைத்துவிட்டார்கள், மதினி. நம் சீனிக்குத்தான் முதல் பரிசு.

எத்தனை வருஷம் அந்தப் பிரிவுக்காக மனு எழுதினீர்கள்! தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த மாதமே, கேரளாவிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, பிக்மி என்கிற குட்டை இனத்துக் கிடா ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். ஆனையூர் தாண்டி இருக்கிற நம் ஒரு ஏக்கரில் அதற்குக் கொட்டகை போட்டீர்கள். நன்றாகப் பால் தரும் தலைச்சேரி ஆடுகளோடு சேர்த்து, மடி நன்றாக உள்ள பெட்டைகளை மட்டும் நிறுத்தி, ஏழு வருஷத்தில் நீங்கள் நினைத்த ஆடு பிறந்துவிட்டது. நாய் அளவு உடம்பு, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத பால். மாடிப்படிக்குக் கீழே கட்டி வைத்தாலும் வளரும்.

முதல் வருஷம் கண்காட்சிக்குப் போனபோது வாசலில் நின்றவர், "நாய்க்குட்டியெல்லாம் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் கயிற்றை விடாமல் நின்று, "அண்ணே, மாடு கட்ட எடம் இருக்கவுக மாடு வாங்கிக்கிரட்டும். எடம் இல்லாதவுக வீட்டுப் பிள்ளைகளும் பால் குடிக்கணும்ல?" என்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் தண்ணீர் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எப்போதும் அப்படித்தான். கயிறு உங்கள் கையில், வாளி என் கையில். விடியற்காலையில் பால் கறந்தது நான், பிரசவம் பார்த்தது நான். பேட்டி எடுக்க வந்தவர்கள் உங்களைத்தான் படம் பிடித்தார்கள். "என் தம்பி பொண்டாட்டி ஒத்தாசையா இருக்கா" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். வெறும் ஒத்தாசைதானா, மதினி? கேட்க நினைத்து ஒரு நாளும் கேட்டதில்லை. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு அதிலும் ஒரு பங்கு இருக்கிறது.

உங்கள் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. வெளியே போய் வந்த ஆடு எதுவானாலும் மூன்று வாரம் கிணற்றடிக் கொட்டகையில் தனியாகத்தான் நிற்க வேண்டும். அதற்குத் தனி வாளி, தனிக் கயிறு. அதைத் தொட்ட கையோடு மற்ற ஆட்டைத் தொடக் கூடாது. அந்த மூன்று வாரமும் வெளி ஆடு எதுவும் கிடாய்க்கு விட வரக் கூடாது. யார் வந்து கெஞ்சினாலும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்புவீர்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது. உங்களிடம் அதையும் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு நாள் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த நீங்கள் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

உங்கள் முப்பதாம் நாள் காரியத்தன்று, ஆட்டுக்குத் தடுப்பூசி போட இரண்டு பேர் வந்தார்கள். நீங்கள்தான் முன்னாடியே சொல்லி வைத்திருந்தீர்களாம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "இன்னைக்கு வேணாம் சார், வீட்ல காரியம்" என்றேன். அவர்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "மறக்காமக் கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கூப்பிடவே இல்லை. உங்கள் புடவைகளை மடித்து வைக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதை ஒரு காரணமாகச் சொல்லலாமா, தெரியவில்லை.

கண்காட்சிக்கு அழைப்பு வந்ததும் உங்கள் தம்பி, "இந்த வருசம் வேணாமே" என்றார். நான்தான் பிடிவாதமாக சீனியைக் குளிப்பாட்டிக் கூட்டிப் போனேன். அளவுகோல் வைத்து உயரம் பார்த்தார்கள், எல்லார் முன்னிலையிலும் பால் கறக்கச் சொன்னார்கள். சீனி அசையாமல் நின்றாள். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு முதலில் புரியவில்லை. மேடையில் கோப்பையை வாங்கியபோது உங்களை நினைத்து அழுதேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, என் பெயருக்காக அழுதது.

வீடு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தெருவே வாசலில் நின்றது. கொட்டகைக்குள் சீனியின் குட்டி அம்மாவின் குரல் கேட்டுக் கத்தியது.

"அக்கா இருந்தா இந்நேரம் கெணத்தடிக்குக் கொண்டுபோகச் சொல்லும்" என்றார் உங்கள் தம்பி.

"அந்தக் கொட்டகை ஒழுகுது. குட்டி வேற காலையிலருந்து கத்திக்கிட்டுக் கெடக்கு. அக்கா அக்கான்னு இன்னும் எத்தன நாளைக்கு? இன்னைக்கு ஒரு நாள் என்னைய விடுங்க."

கொட்டகை ஒழுகியது நிஜம், குட்டி கத்தியதும் நிஜம். ஆனால் அதற்காகவா செய்தேன்? வீட்டில் என் பேச்சும் ஒரு நாள் நடக்கட்டும் என்று நினைத்தேன், மதினி. கொட்டகைப் படலைத் திறந்து சீனியை உள்ளே விட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆறாம் நாள் சீனிக்கு மூக்கு ஒழுகியது. மழைச் சளி என்று கற்பூரவல்லி இலையைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஆனையூரிலிருந்து ரோஸ்லின் வந்தாள். நம்மிடம் லில்லி ஆட்டை வாங்கிப் போனாளே, வாடகை வீட்டில் ஜாக்கெட் தைக்கிற பெண், அவள்தான். லில்லியைக் கிடாய்க்கு விட வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, சீனிக்கு மூக்கு ஒழுகுதே?" என்று அவள்தான் கேட்டாள்.

"மழையில நனைஞ்சிருச்சு. நீ உள்ள வா" என்றேன்.

அந்த வாரமே பசுமலையிலிருந்து வாத்தியாரும் தன் இரண்டு ஆடுகளைக் கூட்டி வந்தார். ரிடையர் ஆனவர், உங்களைத் தங்கச்சி என்று கூப்பிடுவாரே, அவர். அவருக்கும் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சீனிக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், கழிச்சல். அவளுக்கு அடுத்து அவள் குட்டி, அதற்கடுத்து நான்கு ஆடுகள் ஒரே நாளில். கால்நடை டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தவுடனே, "ஆட்டுக்கொல்லி நோய்ம்மா" என்றார். "ஊசி எப்பப் போட்டீங்க? வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனீங்களா?"

கண்காட்சிக்குப் போனதைச் சொன்னேன்.

"வந்ததும் தனியாத்தானே கட்டுனீங்க?"

ஆமாம் என்றேன், மதினி. உங்கள் தம்பி பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

இருபத்திரண்டு ஆடுகளில் இருபத்தொன்று போய்விட்டன. சினை ஆடுகள் முதலில் மாதம் நிறையாத குட்டியை வீசின, பிறகு விழுந்தன. கிடா மூன்று நாள் நின்றபடியே மூச்சுக்குத் திணறி நான்காம் நாள் மதியம் படுத்தது. தென்னைக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பி குழி தோண்டினார், நான் சுண்ணாம்பு கொட்டினேன். குட்டிகளை என்னால் போட முடியவில்லை. அவரே ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தார்.

மிச்சம் இருப்பது கிழவி கோமதி மட்டும். முன்னே நீங்கள் போட்ட ஊசியின் பலம் அவளுக்கு மட்டும் மிச்சம் இருந்து காப்பாற்றியிருக்கிறது என்றார் டாக்டர். இனி அவள் ஈன மாட்டாள். காலையில் படலைத் திறந்தால் காலி இடங்களை ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போகிறாள். உங்கள் ஏழு வருஷம் நம் கொட்டகையில் அந்தக் கிழவியோடு முடிகிறது.

ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? வளர்த்தவள் பிரிவு தாங்காமல் ஆடுகளும் பின்னாலேயே போய்விட்டன என்கிறார்கள். "வாயில்லா சீவனுக்கு இருக்க பாசத்தப் பாரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு எனக்கு ஒரு போர்வையாக இருந்தது. அதற்குள் இரண்டு மாதம் ஒளிந்திருந்தேன்.

போன வாரம் ஆனையூர் போனேன். ரோஸ்லின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷினுக்கான அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. லில்லி நின்ற இடம். செத்த ஆட்டைப் பார்த்த வீட்டுக்காரர், இனி ஆடு மாடு என்று எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டாராம். காபி கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சீனியைத் தனியாகக் கட்டாததை, ஊசிக்குக் கூப்பிடாததை, மூக்கு ஒழுகியதைப் பார்த்தும் உள்ளே வரச் சொன்னதை.

ரோஸ்லின் திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"உங்க மதினி இருந்திருந்தா என்னைய அன்னைக்கு உள்ள விட்டிருக்க மாட்டாக, இல்லக்கா?"

"விட்டிருக்க மாட்டாக."

"அன்னைக்கு நீங்க உள்ள வான்னதும், இவுக எம்புட்டு நல்லவுகன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். நான் எழுந்து வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். தலையை நிமிர்த்தவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். அந்த வார்த்தை வாயில் வந்தது. அதைச் சொன்னால் அவள் "பரவால்லக்கா" என்று சொல்ல வேண்டியிருக்கும். அவளிடம் அதையும் எதற்குப் பிடுங்குவது என்று விட்டுவிட்டேன். சரியா, தவறா? உங்களிடம்தான் கேட்க முடியும். நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் இல்லை.

பசுமலை வாத்தியார் போனில் அழைத்திருந்தார். அவருடைய இரண்டும் போய்விட்டன. "என்னமோ காத்து கெட்டுப் போச்சும்மா. தங்கச்சி போன துக்கத்துல நீ வேற ஒடஞ்சு போயிராத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். "சரிங்கய்யா" என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

மதினி, புதிதாக ஆடு வாங்கி உங்கள் பெயரை நிலைநாட்டுவேன் என்றெல்லாம் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். எனக்கு அந்தத் தெம்பு இல்லை, வருமென்றும் தோன்றவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் பசுமலைக்குப் போகிறேன். அவர் உட்காரச் சொல்வதற்கு முன்னால், வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். துக்கத்தில் இருந்தேன் என்று சேர்த்துக்கொள்ள மாட்டேன். அங்கிருந்து டாக்டரிடம் போய், அன்றைக்கு ஆமாம் என்றது பொய் என்று சொல்வேன். பிறகு நம் தெருவுக்கு வந்து, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பொண்டாட்டி
அமுதா