கூப்பிடாமல் விட்ட பெயர்

அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் இருமாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் போன திங்கட்கிழமையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் டங்கென்று மேஜையில் வந்து விழுகிறது. தப்பு என்னுடையதுதான். போனில் சொல்ல வாய் வராமல் எழுதுகிறேன்.

நம் கால்பந்து கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினதிலிருந்து மேனேஜர் நாற்காலியில் யாரும் நிலைத்து உட்காரவில்லை. முதலில் வந்தவர் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டு போனார், அடுத்தவர் வந்த வேகத்திலேயே பெட்டியைக் கட்டினார், வேறு ஆளே கிடைக்காமல்தான் உன் மாமாவைப் பிடித்துப் போட்டார்கள். அவன் ஆடின காலத்தில் 'புயல்' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஊர், நாலு ஆட்டம் தோற்றதும் வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்துவிட்டது. மைதானத்தில் மைக் பிடிக்கிறவன் நான், வழக்கம் உனக்குத் தெரியும், ஆட்டக்காரர்களுக்குப் பிறகு கடைசியாக மேனேஜர் பேரை நான் கூப்பிடுவேன், கூப்பிட்ட பிறகுதான் அவர் உள்ளேயிருந்து நடந்து வருவார். கொஞ்ச வாரமாக மாமா பேரைச் சொன்னாலே கூட்டம் ஊளையிடும். முடிவெட்டும் கடையில் ஒருவர், "உங்க மச்சான் எப்போ கிளம்புறாரு?" என்று கேட்டதற்கு, எங்களுக்குள் அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முந்தின நாள்தான் அவன் நம் வீட்டில் சாப்பிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமை ஆட்டக்காரர் பேரெல்லாம் படித்து முடித்தேன், அடுத்தது அவன் பேர். கூட்டம் வாயைத் திறந்துகொண்டு தயாராக நிற்பது என் அறைக் கண்ணாடி வழியே தெரிகிறது. பேரை மென்று முழுங்கிவிட்டேன், வண்டிகளை வழியில் நிறுத்தாதீர்கள் என்று ஏதோ அறிவித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாவம், திட்டு வாங்காமல் அவனைக் காப்பாற்றினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே பார்த்தால் அவன் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்து நிற்கிறான். ஒரு தடவை என் அறையை நிமிர்ந்து பார்த்தான், பிறகு தண்ணீர் பாட்டில் தூக்கிப் போகிறவர் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டான். அந்த ஆட்டமும் போச்சு. திங்கட்கிழமை அவனை அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று பார்த்தேன், போடவில்லை. "கூட்டம் திட்டுறது பழகிப்போச்சு அத்தான், நீங்களாவது கூப்பிடுவீங்கன்னு நின்னேன்" என்றான். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. அம்மா எழுந்து உள்ளே போனவள்தான். அவனுக்காக ஒன்றும் நான் விடவில்லை வாண்டு, ஊர் ஊளையிடும்போது அவன் பேர் என் வாயில் இருக்கக் கூடாது என்றுதான் விட்டேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அடுத்த மேனேஜர் வந்தாயிற்று, வருகிற சனிக்கிழமை அவர் பேரைக் கணீரென்று கூப்பிடப் போகிறேன். உன் மாமா பேரை அங்கே கூப்பிட எனக்கு இனி வழி இல்லை.

மாமா கொஞ்ச நாள் உன்னோடு வந்து இருக்கட்டும் என்று அம்மா டிக்கெட் போட்டிருக்கிறாள். ஆட்டத்தைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு விட்டுச் சிரித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. விமான நிலையத்தில், வந்துவிட்டேன் என்று போனில் தட்டிவிட்டு காரில் உட்கார்ந்திருக்காதே, உள்ளே போய் நில். அவன் கதவைத் தாண்டி வெளியே வந்ததும், எத்தனை பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, பேரோடு சேர்த்து மாமா என்று வாய்விட்டுக் கூப்பிடு. நான் சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா