நாம் படித்த கதைகளில் யாரும் சாகவில்லை

என் அருளுக்கு,

பன்னீர் திராட்சை வெட்டு முடிந்தது. விலை பரவாயில்லை. மணிதான் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார்.

இதைப் படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மணி எனக்குத் தாலி கட்டியவர். திராட்சைத் தோட்டத்தில் பங்குக்கு வந்த நீ, மூவரும் மனமொப்பி, எனக்கு இன்னொரு துணையானாய். சின்னமனூரில் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். தெருவுக்கு நீ மணியின் கூட்டாளி, அவ்வளவுதான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நம்மைப் போன்றவர்கள் வரும் கதைகளை ஏன் அப்படித் தேடித் தேடிப் படித்தோம்? ஊர் கேட்டால் வேறு மாதிரி நினைக்கும். படுக்கையறை வந்தால் மணி போனில் சரசரவென்று தள்ளிவிடுவார். யார் பாத்திரம் கழுவுவது என்று மூன்று பேரும் சண்டை போடும் இடத்தைத்தான் மறுபடி வாசிக்கச் சொல்வாய். நம் வாட்ஸப் வாசகர் குழுவில் ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டபோது குரல் பதிவு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா?

"மத்த கதையில நம்மள மாதிரி ஆளுகளக் கடைசியில வெட்டிப் போடுறாக, இல்லேன்னா அழுது திருந்த வைக்கிறாக. இதுல காலையில எந்திரிச்சு காப்பி போடுறாக. அதுக்குத்தேன்."

குழுவே சிரித்தது. அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

உன் அக்கா உன்னை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். பெட்டியை மூடும் முன் சர்ச் உபதேசியார் குரல் கொடுத்தார். "முத்தி செய்யிற சொந்தக்காரக வாங்க." ஒவ்வொருவராக உன் நெற்றியில் முத்தமிட்டார்கள், உன்னோடு பேச்சை நிறுத்தியிருந்த சித்தப்பாகூட. நானும் முன்னால் நகர்ந்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பிக்கு ஆக்கிப் போட்ட புண்ணியவதி நீங்க. வெயில்ல நிக்காதீக, அங்கன பந்தல்ல போயி உக்காருங்க."

அன்பாகத்தான் சொன்னார். போய் உட்கார்ந்தேன். கூட்டாளியின் மனைவி எவ்வளவு அழலாமோ அவ்வளவு அழுதேன். மணி பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சிநேகிதனுக்கு அந்த உரிமை உண்டாம்.

இப்போது அந்தக் கதைகளைத் திறந்தாலே ஆத்திரம் வருகிறது. அவற்றில் யாரும் சாதாரணக் காய்ச்சலில் சாகவில்லை. மிஞ்சியவள் சாவு வீட்டில் எங்கே நிற்பாள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆனால் நாம் கேட்டதே சாவில்லாத கதைதானே, அருளு? அப்புறம் யாரைக் குறை சொல்வது? குழுவில் ஆறுதல் சொல்கிறார்கள். முகம் தெரியாத அவர்களிடம்தான் வாய்விட்டு அழ முடிகிறது. அழுது என்ன, விடிந்தால் காப்பி போட இரண்டு டம்ளர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். உன் அக்கா பக்கத்தில் இருக்கட்டும், ஊரே நிற்கட்டும், குனிந்து அந்தச் சிமெண்டை முத்தி செய்வேன். அது உன் நெற்றி ஆகாது, தெரியும். அதற்கப்புறம் எங்களை என்ன செய்வார்களோ என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் வருவேன்.

உன் வீட்டுக்காரி