புதன்கிழமை கைவீசிப் போனவளுக்கு

என் எதிர் அறைக்காரிக்கு,

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மற்றது ஓடாது. பெரிய பேரன் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிவிட்டான், கணக்கில் டிஸ்டிங்ஷன். லண்டனில் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. தை மாதம் கப்பல். அவன் அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள், இப்போதே என் எழுத்தைத் திருத்துகிறாள். நடுவில் உள்ளவன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை ரேடியோ மேல் இருக்கிறது. மகள் வீட்டுச் சின்னவளுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. கடைக்குட்டிக்கு இன்னும் பரிசு எதுவும் வரவில்லை. ஆனால் பல் பிடுங்கியபோது அவன் அழவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாங்கள் இப்போது இருக்கும் தோ பாயோ அடுக்குமாடியில் எங்கள் வரிசை முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் கோடி வீட்டு மலாய் அம்மாவும் புரிந்தோ புரியாமலோ தலையாட்டிவிட்டார்கள். இன்று மத்தியானம் துணி மாட்டிய மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டும்போது, கீழே ஒரு பஸ் நின்று கிளம்பியது. அதன் டீசல் புகை எங்கள் மாடி வரை ஏறி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நீ படியேறி வரும்போது உன் சேலையிலிருந்து வருமே, அதே வாசனை. வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்றாவது தீபாவளி வரப்போகிறது. எந்த விலாசம் எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டு மாடி உனக்கு நினைவிருக்கும். கீழே மசாலாக் கடை. மேலே பலகை அடைத்த அறைகள், எல்லோருக்கும் ஒரே அடுப்படி, ஒரே குழாய். உன் கதவும் என் கதவும் எதிரெதிர். உன்னைப் பெரிய ஞானி என்று அங்கே யாரும் சொன்னதில்லை. குழாயடியில் வாய்ச்சண்டை, தாயத்தில் கள்ளாட்டம். மூன்று பையன்கள், துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் என்று என்னைப் போலவே மூச்சுவிட நேரமில்லாதவள்தான் நீயும். ஆனால் புதன்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் முகம் கழுவி, வேறு சேலை கட்டி, முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு கையை வீசியபடி கிளம்பிவிடுவாய். பை கிடையாது, குடைகூடக் கிடையாது.

“எங்கடி கிளம்பிட்ட?” என்று முதல் தடவை நான்தான் கேட்டேன்.

“பொங்கோல் பஸ்ல.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. கடைசி வரைக்கும் போயி கொஞ்ச நேரம் கடலைப் பாத்துட்டு அதே பஸ்ல வந்துருவேன்.”

“அதுக்கு எதுக்கு சேலை மாத்துற?”

“கடல் என்னையப் பாக்கும்ல!”

பின் அறை அத்தை அம்மியை விட்டு எழுந்து வந்துவிட்டார். “போறதுதான் போற, வரும்போது எனக்கு நல்ல மீனா வாங்கிட்டு வாடி.”

“மாட்டேன் அத்தை. பையைத் தூக்கிட்டா அது உங்க பயணமாயிரும்.”

“அடியாத்தி, ராணி பொறப்பட்டாச்சு!”

“ராணி கார்ல போவா. எனக்கு பஸ் போதும்.”

நீ படி இறங்கிய பிறகு அடுப்படியே பேசியது. ஜோசியரைப் பார்க்கப் போகிறாள் என்றார் அத்தை. பொங்கோலில் யாரோ தூரத்துச் சொந்தம் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை, நீ சொன்னதிலும் இல்லை.

பெரிய பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்த காலம் அது. அவன் முதல் பாடம் ஒப்பித்ததிலிருந்து எல்லாவற்றையும் உன் கதவில் சாய்ந்து நின்றபடி சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பாய். “அதெல்லாம் சரி புள்ள. நீ இன்னிக்கி என்ன பண்ணின?”

“அவனுக்கு சட்டை தைச்சேன், தோசைக்கு அரைச்சேன்.”

“அது அவனுக்கு. உனக்கு?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எனக்கென்று தனியாக என்ன இருக்கிறது? பிள்ளைகள் சாப்பிட்டால் எனக்கு வயிறு நிறையாதா? நீ விடமாட்டாய். “வீட்டுக்குப் போட்டது வீட்டுக்கு. உள்ளுக்கும் கொஞ்சம் போட்டு வைக்கணும். இல்லாட்டி அதுங்க மொகம் சிரிச்சா நாமளும் சிரிப்போம், அதுங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா நமக்கு மொகமே இருக்காது.” சொல்லிவிட்டு, “வர்றியா?” என்பாய். எனக்கு எப்போதும் அரைக்க இருக்கும்.

நீ போன பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மூத்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “பெரியம்மா, உங்களுக்குத்தான் தெரியும். அம்மா புதன்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவாங்க?”

“கோயிலுக்கு இல்லப்பா. பொங்கோலுக்கு, சும்மா.”

“சும்மா யாராச்சும் வாராவாரம் போவாங்களா? ஏதோ வேண்டுதல், பாதியில நிக்குது. நாங்கதான் முடிக்கணும்.”

தலைத்திவசம் கழிந்து வந்த தைப்பூசத்தில் மூன்று பேரும் சிராங்கூன் ரோட்டிலிருந்து பால்குடம் எடுத்தார்கள். ஆட்டுக்கறி இல்லாமல் சோற்றில் கை வைக்காத உன் நடுவுள்ளவன் விரதம் இருந்து மெலிந்துபோயிருந்தான். நானும் கூடவே நடந்தேன். நீ வேண்டிக்கொள்ளாத வேண்டுதலுக்கு இவ்வளவு பாலா என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீ பார்த்துக்கொண்டிருந்தாயா?

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், கப்பல் டிக்கெட் வந்த அன்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போனவளுக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியவில்லை. பெரியவன் போய்விடுவான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரவர் வழியில் போவார்கள், போகத்தான் வேண்டும். அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாத நாளில் நான் என்ன? ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் வேலைதான்.

அதனால் நானும் ஒரு புதன்கிழமை போனேன். முதல் தடவை பழக்கத்தில் பையை எடுத்துப் போய்விட்டேன். பொங்கோலில் துள்ளத் துள்ள மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கி வந்து குழம்பு வைத்து எல்லோரும் பாராட்டிய பிறகுதான், அது உன் பயணம் இல்லை என்று புரிந்தது. அடுத்த வாரம் வெறுங்கையோடு ஏறினேன். எங்கே போகணும் என்று கண்டக்டர் மலாயில் கேட்டான். “ஹாபிஸ்” என்றேன், முடிகிற இடம் வரை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்தான். மடியில் பை இல்லாமல் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டியிடம் பேரன் வாங்கிய கோப்பையைப் பற்றித் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். அவள் தூங்கிவிட்டாள். பன்றிப் பண்ணை நாற்றம் தாண்டி, தென்னை தாண்டி, பஸ் கடலுக்கு முன்னால் நின்றது.

உட்கார்ந்தேன். மனசுக்குள் லண்டன், டிஸ்டிங்ஷன், முதல் பரிசு என்று வரிசையாக ஓடியது. ஓடி முடிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. காற்று மட்டும். உள்ளே லேசாக ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதுதானா நீ சொன்னது? இல்லை, பசியா? யாரைக் கேட்பது?

வீட்டுக்கு வந்தால் மருமகள் வாசலிலேயே நிற்கிறாள். “எங்க போனீங்க அத்தை? தேடிட்டோம்.”

“சும்மா பொங்கோல் வரைக்கும்.”

“சும்மாவா? ஏதாச்சும் வேண்டுதலா அத்தை?”

பெரியவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “பாட்டி, ஆர் யூ ஓகே?” என்றான். ஓகேயா இல்லையா என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வேன்? இருந்தும் நான் புதன்கிழமையை விடவில்லை. சில வாரம் அந்த லேசு வருகிறது, சில வாரம் வெறும் கால்வலி. வந்தால் அன்று ராத்திரி கப்பலை நினைத்தாலும் தூக்கம் வருகிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் முகம் என்று இங்கே இருப்பது இரண்டுதான். என் மகள் கல்யாணப் படத்தில் நீ கண்ணை மூடியிருக்கிறாய். உன் பையன்கள் அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கி மாலை போட்டிருப்பதில் முறைக்கிறாய். இரண்டும் எனக்கு உதவாது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருட்டத் தொடங்கியதும் அந்தக் கண்ணாடியில் இப்போது என் முகம் தெரிகிறது. நீ சொன்ன முகம் இதுதானா, இன்னும் வரவில்லையா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். எப்படியாவது புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. கப்பல் கிளம்புவதற்குள் வந்தால் நல்லது.