கேட்பாரற்ற நான்கு ஓலைகள்

நலம் நிலைக்க. கடலும் மலையும் எல்லை காக்கும் நீலவாரி நாட்டின் முதலமைச்சன் பெருஞ்சாத்தன், தலைநகர்ப் பெருங்கல்விச்சாலையின் தலைவரும் நூற்கடல் கடந்த மாமருத்துவருமான விடங்கனார்க்கு விடுக்கும் ஓலை. சாலை வளர்க; மாணாக்கர் பெருகுக; தங்கள் உறக்கம் மட்டும் இன்றோடு கலைக.

எவரும் கற்கலாம் என்று அரசர் ஆணையிட, எலும்பு முறிவு மருத்துவத்தைத் தங்கள் சாலை அறுபது ஏடுகளில் படியெடுத்து, ஆயிரம் ஊர் அம்பலங்களில் விலையின்றி வைத்து மூன்றாண்டுகள் ஆயின. அவையில் அதைச் சொல்லி மார்தட்டியவன் இவ்வமைச்சனே. முதல் ஏட்டைத் தொட்டவர் பல்லாயிரவர். அறுபதையும் முடித்தவர் பதினொருவர். அவருள் பதின்மர் தங்கள் சாலையில் முன்பே பயின்ற வைத்தியர் மக்கள். எஞ்சியவள் உப்பூர்க்கரையில் உப்பு வாரும் மருதி.

உச்சிவெயிலில் மற்றவர் கண்ணயரும் வேளையில் அவள் அம்பலத்தில் அமர்ந்து படித்தாள்; ஆட்டெலும்பில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பழகினாள். ஊரே கேலி பேசியது. அவள் கணவன் ஓரி மட்டும் தன் காலை நீட்டி, இதில் கட்டிப் பார் என்றானாம்.

சென்ற தையில் உப்பளவரப்பில் வழுக்கி விழுந்து ஓரியின் கால் முறிந்தது. மருதி முறை தவறாமல் எலும்பைக் கூட்டிக் கட்டினாள். ஆறு வாரம் கட்டை அவிழ்க்கலாகாது என்றது நாற்பத்தோராம் ஏடு. விரல் கறுத்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் வரியைத் தங்கள் படியெழுத்தர் விட்டுவிட்டார். மறுநாளே விரல் கறுத்தது.

ஒரே பகலில் தலைநகர் சேரும் குதிரை அஞ்சலில் அவள் எழுதினாள்: "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு விரல் கறுக்குது. அவிழ்க்கலாமா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க." நான்கு நாளில் நான்கு ஓலைகள். மேற்புறம் ஆசான் பெயர் இல்லாத கேள்வியோலையைப் பிரிப்பது தங்கள் சாலையின் மரபன்றாம்! ஏட்டைப் பார்த்துக் கற்றவள் எந்த ஆசான் பெயரை எழுதுவாள்? நான்கும் வாயிற்கூடையில் பிரிக்கப்படாமல் கிடந்தன; பின்னர் யாமே பிரித்துப் படித்தோம். ஐந்தாம் நாள், அவ்வழி வந்த படை மருத்துவர் ஓரியின் காலை முழங்காலோடு அறுத்தெடுத்தார்.

அவள் கேட்டதற்கு விடை தங்கள் சாலையின் முதலாண்டு மாணாக்கனுக்கும் தெரியும். ஏடு வைக்க ஆணை எழுதிய இவ்வமைச்சனோ, கேட்டால் சொல்ல ஓர் ஆளை வைக்க எழுதவில்லை. விடங்கனாரே, பாதிப் பழி எமது.

நேற்று உப்பூர்க்கரை சென்றோம். மருதி அம்பலத்து ஏட்டுக்கட்டை எடுத்துவந்து எம்முன் விரித்தாள். நாற்பத்தோராம் ஏட்டின் ஓரத்தில் அவளே எழுத்தாணியால் கீறியிருக்கிறாள்: "விரல் கறுத்தா உடனே அவிழ்த்துடுங்க. தலைநகர்ல யாரையும் கேட்டுக் காத்திருக்காதீங்க."

ஆகவே ஆணை: அவ்வரியைத் தாங்களே தங்கள் கையால் ஆயிரம் ஊர் ஏடுகளிலும் எழுதிச் சேர்க்க. இரண்டாம் வாக்கியத்தை விடலாகாது.

சங்கு முத்திரை இட்டோம்.