உன் கையெழுத்தில் ஒரு கார்டு

இன்று காலை பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடிப் பீரோவைக் குடைந்தேன். ஊசி போட வேண்டிய நாள் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அட்டை கிடைத்தது. அதற்கடியில் எழுதாத தபால் கார்டு ஒன்றும் இருந்தது. முகவரிப் பக்கத்தில் உன் பெயர், வெள்ளகோவிலில் உங்கள் வீட்டு விலாசம், எல்லாம் உன் குண்டு குண்டான கையெழுத்தில். நீ அனுப்பிய கார்டுக் கட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

பாப்பா பிறந்து, அம்மா அன்னூருக்குத் திரும்பிப் போன பிறகு நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பட்டறைக்குக் கிளம்பினதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். விழித்தால் அதற்கும் பயம். கல்லூரியில் மூன்று வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டத் தைரியம் வரவில்லை. உன் நான்கு கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. ஐந்தாவதாக வந்தது நூல் கட்டிய கார்டுக் கட்டு. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "இன்னைக்கு செஞ்ச காரியம் ஒண்ணே ஒண்ணு, ஒரு வரி. விலாசம் எழுதற வேலைகூட உனக்கு வெக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ரசம் வைத்தேன்" என்று எழுதிப் போட்டேன். மறுநாளும் ரசம். கார்டு என்பதால் உங்கள் ஊர்த் தபால்காரரும் படித்துவிடுவார். "ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்ல இன்னைக்கும் ரசந்தானுங்களா?" என்று கேட்டுத்தான் கொடுத்தாராம். நீ எழுதியிருந்தாய். அந்த மனிதருக்காகவே ஒரு நாள் பருப்பு வேகவைத்தேன்.

அப்புறம் பொய் எழுதினேன். "பாப்பாவை நானே குளிப்பாட்டினேன். துணியெல்லாம் துவைத்துவிட்டேன்." மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து நின்றாய். குளியலறை வாசலில் துணி குவிந்து கிடந்தது.

"இதென்னடி, தொவச்ச துணி இப்படி நாறுது?"

"பொய் எழுதிப்போட்டேன்."

"செரி உடு. பொய்யப் போடறதுக்காச்சும் எந்திரிச்சு தபால் பொட்டி வரைக்கும் நடந்தியில்ல? அதையே எழுதியிருக்கலாம்."

துணியை நீ தொடவேயில்லை. வெந்நீரை மட்டும் விளாவி வைத்துவிட்டு, "நான் பாத்துட்டு இருக்கறேன், நீ ஊத்து" என்று முக்காலியில் உட்கார்ந்துகொண்டாய். நீட்டிய காலில் பாப்பாவைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றினேன். குழந்தை நழுவவில்லை. அன்றைய கார்டை எழுதி உன்னிடமே நீட்டினேன். "பொட்டில போடுடி, தபால்காரர் ஏமாந்துபோவாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

போன மாதம் மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற கார்டு வந்தா எனக்கும் படிச்சுக் காட்டுவா கண்ணு" என்றார்கள். வீட்டுக்கு வந்து பழையபடி கதவைச் சாத்திக்கொண்டேன். ஊசித் தேதி தவறியது அப்படித்தான்.

கார்டைப் பார்த்ததும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பாப்பாவுக்குச் சட்டை மாற்றி, டவுன் பஸ் ஏறி, வரிசையில் நின்று ஊசி போட்டு வந்தேன். "இத்தன நாளா என்னங்க பண்ணுனீங்க?" என்று நர்ஸ் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பாப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் இருக்கிறது. இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் இதை எழுதும்போதே நெற்றியைப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

கார்டில் உன் பெயரை அடிக்கவில்லை. உன் அம்மா கைக்குப் போய்ச்சேர, பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று மட்டும் சேர்த்தேன். மறுபக்கம் ஒரு வரி: "பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சு. நானே கூட்டிப்போனேன்." நாளைக்குத் தபாலாபீசில் புதுக் கார்டுகள் வாங்க வேண்டும். விலாசத்தை இனி நான்தான் எழுத வேண்டும். சரிபார்க்க நீ பஸ் ஏறி வரப்போவதில்லை. ஆனாலும், இந்தத் தடவை எழுதியது நிஜம்.