கள்ளுக்கடைக் குழம்பு

3-11-86, திங்கள். பூந்தமல்லி.

இன்றும் அதே சாம்பார். முந்தாநாள் வைத்து, நேற்று சுட வைத்து, இன்று தண்ணீர் கலந்து நீட்டியிருக்கிறார்கள். மெஸ்காரரிடம் சொன்னால், "அளவு சாப்பாடு சார், இஷ்டமிருந்தா சாப்பிடுங்க" என்கிறார். இஷ்டம்!

கோயமுத்தூரிலிருந்து ஒரு பிரஸ் மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்தவன் நான். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். மெஷின் உட்கார வேண்டிய குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அதில் தவளை கத்துகிறது. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதி ஷெட், பாதி வயல். எது எங்கே முடிகிறது என்று தவளைக்கு எப்படித் தெரியும்? மேனேஜர் பார்த்தசாரதி குழியை எட்டிப் பார்த்து "காயட்டும்" என்கிறார். பிறகு வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரைத் திறக்கிறார். அவருக்கென்ன.

இத்தனை பெரிய பட்டணத்தில் வாய்க்கு ருசியாக ஒரு கவளம் கிடைக்காதா?

6-11-86

ஒயின் ஷாப்பில் ஒரு பீர் வாங்கினேன். வெந்நீர். குளிர்ச்சியாக இல்லையா என்றேன். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான்.

9-11-86, ஞாயிறு

ஃபேக்டரியில் ஃபிட்டர் லட்சுமணன் ஒருவன்தான் மனிதனாகப் பேசுகிறான். திருமழிசைக்காரன். பீர் கதையைக் கேட்டுச் சிரித்தான். "அது துட்டுக்காரனுங்க காடித் தண்ணி மச்சான். நம்மூர்ல கள்ளு கீது, வா" என்று வானகரம் தாண்டி ஒரு கடைக்கு அழைத்துப் போனான்.

என் மாமாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. சின்ன வயதிலிருந்து கள்ளின் வாசனை தெரியும். இங்கே பீப்பாயிலிருந்து ஊற்றியது கள் இல்லை. சாக்கரின் இனிப்பு. அடியில் ஏதோ மாத்திரையின் கசப்பு. சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் அதை மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். உடம்பு வலி போக வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்குக் கலப்படம் போதும் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான். அரசாங்கமே ஏலம் விட்டு, லைசென்ஸ் கொடுத்து, விஷம் ஊற்றுகிறது.

தொட்டுக்கொள்ள வெந்தும் வேகாத மொச்சை.

10-11-86

தலைவலி. லட்சுமணனுக்கும். அவனைத் திட்டக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

15-11-86, சனி

கிடைத்துவிட்டது.

குத்தம்பாக்கம் போகிற வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை. பின்னாலேயே தோப்பு, மரமேறி நேராகக் கொண்டுவந்து இறக்குகிறார். கடையை ஏலம் எடுத்திருப்பவர் கஜபதி. திருமழிசையில் பெரிய வீட்டுக்காரர். நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கள்ளில் தண்ணீர் கலப்பதில்லை. அதற்கு அவருடைய நேர்மை காரணமில்லை என்று பிறகு தெரிந்தது.

காரணம், கொட்டகை வாசலில் அடுப்பு போட்டிருக்கும் பஞ்சவர்ணம் அக்கா. நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. கள் கெட்டிருந்தால் அன்று அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார். அடுப்பு இல்லையென்றால் பாதிக் கூட்டம் அப்படியே திரும்பிவிடும். அதனால் கஜபதி ஒழுங்காக இருக்கிறார்.

நான் கள் மொந்தையைக் கையில் எடுத்ததும் அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "இன்னா நைனா, வெறும் வயித்துலியா? மொதல்ல ஒரு வாய் துன்னு." அங்கே அதுதான் சட்டம். யாராக இருந்தாலும் முதலில் ஒரு கவளம் சோறு, பிறகுதான் கள். குடித்துவிட்டு வந்து நின்றவன் ஒருவனை, நாளைக்கு வா என்று அனுப்பியதையும் பார்த்தேன். அவன் மறு பேச்சில்லாமல் போனான்.

தையல் இலையில் சோறு, செம்பரம்பாக்கம் ஏரிக் கெளுத்தி போட்ட குழம்பு. இறக்கும்போது பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுகிறார். அந்தத் தோல் நாக்கில் தட்டும்போது ஒரு வாசனை வருகிறது பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன், டைரியில். இரண்டு வாரப் பசி. மூன்று முறை வாங்கினேன். கள் புளிப்பும் இனிப்புமாகச் சரியாக இருந்தது. அரை மொந்தைக்கு மேல் குடிக்கத் தோன்றவில்லை. வயிற்றில் இடமில்லை.

பெயர் கேட்கவில்லை. "கோயமுத்தூரு" என்று வைத்துவிட்டார்.

29-11-86, சனி

இப்போது தினமும் அங்கேதான். எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேர் வருகிறார்கள். வெல்டர் மனோகரன் இலையை வழித்து நக்குகிறான். ஏரிப் பாசனக்காரர்கள், பஸ் டிரைவர், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவர், எல்லோரும் ஒரே பெஞ்சில். யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்ததில் இந்தப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இது ஒன்றுதான்.

வருஷப் பிறப்போடு கள்ளுக்கடை எல்லாம் மூடல் என்று பேச்சு. கஜபதியிடம் கேட்டேன், ஆமாம் என்கிறார். மெட்ராஸுக்கு ஆளை விட்டு விசாரித்துவிட்டாராம்.

அக்கா கரண்டியை வைக்காமலே கேட்டார்: "கள்ளுக்கட மூடறாங்க, செரி. நா அடுப்ப எங்க கொண்டு போயி வெக்கிறது?"

விஷம் விற்றவனும் மூடுகிறான், இவரும் மூட வேண்டும். ஒரே கையெழுத்து.

8-12-86

ஃபேக்டரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த மெஸ்காரர் நின்றுவிட்டார். கட்டுப்படியாகவில்லையாம். அந்தச் சாம்பாருக்கா! பார்த்தசாரதி எல்லோரையும் கூப்பிட்டு, யாராவது ஆள் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன். லட்சுமணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன், குத்தம்பாக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறார், நன்றாகச் சமைப்பார் என்று. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் லட்சுமணன் பிடித்துக்கொண்டான். "யாருன்னு சொல்லாத மச்சான். பொங்கல் வரிக்கும் வாய மூடிகினு இரு. நாக்கு பழகிச்சின்னா அப்பறம் எவனும் கேக்க மாட்டான்."

ஏன் மறைக்க வேண்டும், அவர் கைச்சோற்றைத்தானே தினமும் தின்கிறீர்கள் என்றேன். நீ வெளியூர், உனக்கு விளங்காது என்றான்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளுங்க துன்னுவாங்களா?"

"தெனமும் தின்றாங்களேக்கா."

"அது சாயங்காலம், நைனா."

17-12-86, புதன்

மூன்று நாளாக ஃபேக்டரி மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறது என்று சொல்லலாம். அண்டாக்களை லட்சுமணன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போய் எடுத்து வருகிறான். அக்கா வருவதில்லை. முதல் நாள் முருங்கைக்கீரையும் பருப்பும். நேற்று கருவாட்டுக் குழம்பு. இன்று கெளுத்தி. அண்டா காலி. பார்த்தசாரதி தன் டிபன் கேரியரை மூடி வைத்துவிட்டு வாசனை பிடித்தபடி இரண்டு முறை நடந்து போனார்.

மெஷினும் உட்கார்ந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, பயமாக இருக்கிறது.

18-12-86, வியாழன்

கெடுத்தேன்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மனோகரன் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "இது ஊட்டுச் சாப்பாடு மாமே. யாரோ நல்ல குடும்பத்துப் பொம்பள கை. கள்ளுக்கட வாசல்ல ஒருத்தி ஆக்கிப் போடுறாளே, அதுவும் ஒரு சோறா? ஏதோ போதைக்குத் துன்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். இலையை வழித்து நக்கின அதே வாய்.

லட்சுமணன் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றான். பார்த்தேன். பார்த்துவிட்டும் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே கைதானுங்க. பஞ்சவர்ணம் அக்கா கை."

மனோகரனின் முகம் கறுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒருவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று. பிறகு அவன் லட்சுமணனைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அது எந்தத் தெருவு?"

லட்சுமணன் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

19-12-86, வெள்ளி

வீட்டிலிருந்து தூக்குச்சட்டி. பத்துப் பேர் இல்லை, இருபது பேர் இல்லை, கிட்டத்தட்ட எல்லோரும். எங்கிருந்து வந்தன இத்தனை தூக்குச்சட்டிகள்? ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. நானும் லட்சுமணனும் இன்னும் மூன்று பேரும் அண்டா முன்னால் உட்கார்ந்தோம். மீதிச் சோறு அப்படியே திரும்பிப் போயிற்று.

பார்த்தசாரதி என்னைக் கூப்பிட்டார். தனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆட்கள் சாப்பிடவில்லையென்றால் தான் என்ன செய்ய முடியும் என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. எல்லோருக்கும் அதெல்லாம் ஒன்றுமில்லைதான். ஒருவனுக்கும் ஒன்றுமில்லாமல் எப்படிய்யா ஒரு அண்டாச் சோறு திரும்பிப் போகும்?

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே மனோகரன் உட்கார்ந்திருந்தான். பஞ்சவர்ணம் அக்கா கையால் இலையை வாங்கி, கெளுத்தியின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் தூக்குச்சட்டி கொண்டுவந்த மனோகரன்! என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தான்.

"இன்னா கோயமுத்தூரு, கோவமா? குந்து."

நான் நின்றபடியே திரும்பி வந்துவிட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

20-12-86, சனி

இன்று கூட்டம் வரும் முன் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது என்று ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்றார். "ஆனா யாருக்கோசரம் சொன்ன? எனக்கோசரம்னா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருப்ப. அவன் மூஞ்சி சுண்டறத பாக்கணும்னு உனக்கு ஆச. பாத்துட்ட. நீ மெஷினு வெச்சிட்டு ஊருக்குப் போயிடுவ. நா அண்டாவத் தூக்கிகினு எங்க போறது?"

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் உரித்த வெங்காயத்தை எண்ணெயில் போட்டார். பிறகு வழக்கம்போல ஒரு கவளம் உருட்டி என் கையில் வைத்தார்.

தின்றேன். என்ன செய்வது.

31-12-86, புதன்

கடைசி நாள். கொட்டகையில் நிற்க இடமில்லை. ஐந்து மணிக்கே கள் தீர்ந்தது. குழம்பு அதற்கு முன்பே. கஜபதி பலகையைக் கழற்றிக்கொண்டே, சோற்றுக்கடை வைக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார். அவருக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை.

அக்கா அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார். மூன்று கல்லில் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவதை விட்டுவிட்டுப் போனார். கனம் தாங்கவில்லையோ என்னவோ. நான் தூக்கி வருகிறேன் என்று ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

2-1-87

ஊருக்குக் கிளம்புகிறேன். மெஷின் நன்றாக ஓடுகிறது.

16-6-87, செவ்வாய். பூந்தமல்லி.

மெஷினில் ஒரு கியர் தேய்ந்துவிட்டது. மறுபடி நான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழியில் தவளை இல்லை.

மத்தியானம் ஷெட்டில் சாப்பாடு. சுவரில் புதுப் பலகை: கஜபதி மெஸ். மனோகரன்தான் பரிமாறினான்; அவன் இப்போது கேன்டீன் கமிட்டியாம். "கஜபதி அண்ணாத்தே ஊட்டுச் சாப்பாடு. சுத்தமா கீது, துன்னு பாரு" என்றான். ஐந்து வருஷம் கள் விற்றவர் வீட்டுச் சாப்பாடு சுத்தமாக இருக்கிறது. சரி.

ஒரு வாய் வைத்தேன். நாக்கில் பூண்டுத் தோல் தட்டியது.

கையில் கவளத்தோடு லட்சுமணனைப் பார்த்தேன். அவன் மோர் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

மூன்று மணிக்கு கஜபதியின் வீட்டுப் பின்பக்கம் போனேன். மாட்டுக்கொட்டகையை ஒட்டி அடுப்பு. பஞ்சவர்ணம் அக்கா அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். சம்பளத்துக்கு இருக்கிறாராம். வாசல் பக்கம் வருவதில்லை, வரச் சொல்வதுமில்லை.

"கண்டுபுட்சிட்டியா?"

"பூண்டு" என்றேன். "வேற யாருக்கும் தெரியாதாக்கா?"

அவர் சிரித்தார். "எல்லாருக்குந்தான் தெரியும். மனோகரனுக்குத் தெரியாதா என் கொழம்பு? யாரும் சொல்லல, அவ்ளோதான். உனக்குத்தான் வாய் அரிக்கும். நாளைக்கிக் கெளுத்தி. பேசாம துன்னுட்டுப் போ, நைனா."

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். தெரியாமல் தின்றால்கூடப் பரவாயில்லை. தெரிந்தே! அந்த ஊரே தெரிந்தே — ஆறு மாதமாக — எவ்வளவு சுலபமாக —

நாளைக்கு என்ன செய்வேன்?

17-6-87, புதன்

கெளுத்திக் குழம்பு. எதிரே மனோகரன், கரண்டியோடு. "எப்டி கீது கோயமுத்தூரு?" என்று கேட்டான். ஷெட் முழுவதும் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தது.

இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன். வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.